பன்னிரண்டு தொட்டிகளுக்கான விலைப்புள்ளி

புளியரைச் சோதனைச்சாவடி தொடங்கி
எஸ் வளைவு முடிய
சாலையோரம் வைக்கப் பன்னிரண்டு குப்பைத்தொட்டிகள்.
எந்தப் பொருளில் என்று எழுதவேண்டிய கட்டத்தில்
மூன்று வாரமாகப் பேனா நிற்கிறது.

போன முறை தகரம்.
ஆனியில் கணவாய்க்குக் கதவே இல்லாததுபோல் காற்று,
காற்றோடு சாரல்.
ஆவணிக்குள் அடித்தகடு அப்பளம்.
தூக்கினால் தொட்டி மட்டும் கையோடு வந்தது.
குப்பை இருந்த இடத்திலேயே நின்றது,
குழலிலிருந்து தள்ளிய புட்டைப்போல.

அதற்கு முந்தைய முறை எவர்சில்வர்.
நான்காம் நாளே ஒன்று குறைந்தது.
பக்கத்து ஊர்ச் சடங்கு வீட்டில்
சாம்பார் அண்டாவுக்கு அருகே
மோர் நிரம்பி நின்றதாகக் கேள்வி.
நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தார்களாம்.
நான் விசாரிக்கப் போகவில்லை.
மோர் பிரமாதம் என்று சொன்னவர்
எங்கள் வார்டு உறுப்பினர்.

கோயம்புத்தூர்க் கம்பெனிக்காரர்
பச்சைப் பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்து
மூடிமேல் ஏறி நின்று காட்டினார்.
உடையாது மேடம், வெளுக்காது, பதினைந்து வருஷம்.
நெருப்பு தாங்குமா என்றேன்.
கார்த்திகை பிறந்தால் இந்த வழியெல்லாம்
மாலை போட்டவர்களின் வண்டிகள்.
ஓரங்கட்டி, அடுப்பு மூட்டி, உப்புமா கிண்டி,
அணைந்துவிட்டதென்று நம்பிய கரியைத்
தொட்டியில் தட்டிவிட்டு மலையேறுவார்கள்.
அவர் மூடியிலிருந்து இறங்கினார்.

பொறியாளர் தவசிக்கனிக்கு சிமெண்ட் உறைதான்.
கரடி உருட்டாது. எவனும் தூக்கிப்போக மாட்டான்.
"அம்பது வருஷம் நிக்கும்" என்று
வரைபடத்தைத் தட்டினார்.
வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப்போட வந்த
குழல்வாய்மொழி காதில் அது விழுந்தது.
"நிக்கட்டும் சார்.
உள்ள கெடக்கத எப்படி வெளிய எடுக்கது?"
கேட்டதோடு விடவில்லை.
இல்லாத உறையின் விளிம்பில் வயிற்றை அழுத்தி,
தலை கீழே, பெருவிரலில் உடல்,
வெறுந்தரையிலிருந்து இரண்டு கைப்பிடி
எதையோ அள்ளிக் காட்டினாள்.
மின்விசிறிச் சத்தம் மட்டும் கொஞ்சநேரம்.

படிவத்தில் விலை இருந்தது,
கொள்ளளவு இருந்தது, ஆயுள் இருந்தது.
அடிக்கோல் வைத்து ஒரு கட்டம் சேர்த்தேன்:
வெற்று எடை.
பலாக்காய் மண்டித் தராசுக்கு
பழைய தொட்டிகளை ஏற்றிப்போனோம்.
குழல்வாய்மொழி ஒவ்வொன்றாய் மார்புவரை தூக்கி
உதட்டைப் பிதுக்கினாள்.
பதினொன்றரைக் கிலோவில், "இது ஆகும்" என்றாள்.
"இதுக்கு மேலன்னா ராத்திரி இடுப்பு பேசும்."

அந்த வாரமே ஒரு விடியலில்
யாரோ லாரி நிறைய மூட்டைகளைக்
கல்வெர்ட்டுக்குக் கீழே கவிழ்த்திருந்தார்கள்.
ஊசி, குழாய், கறைபட்ட பஞ்சு, மலையாளச் சீட்டுகள்.
அந்தப் பக்கத்து சசீந்திரன் எட்டிப் பார்த்து
"ஞங்களுடேதல்லா" என்றார்.
நம்முடையது இல்லை என்றார் நம்மவர்.
இரண்டு மொழியிலும் ஒரே பதில்.
குழல்வாய்மொழி கையுறையை உள்வெளியாகத் திருப்பி
வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள்.
சுண்டுவிரலில் ஒரு வெளிச்சப்புள்ளி.
கோலெடுத்து வரப் போனாள்.
அதற்கான தொட்டி
எந்தக் கம்பெனிப் பட்டியலிலும் இல்லை.

கடைசியில் இப்படி எழுதினேன்:
துத்தநாகம் பூசிய தகடு.
மழை ஒழுக அடியில் ஐந்து துளை.
இரு கல்தூணுக்கு நடுவே அச்சில் தொங்கவேண்டும்,
ஒரு கைத் தள்ளலில் கவிழவேண்டும்.
மூடி வேண்டாம், குரங்குக்கு அது கிலுக்கு.
வெற்று எடை பதினொன்றரைக்கு மிகாமல்.

நான்கு உறைகள் வந்தன.
மூன்றில் அந்தக் கட்டம் காலி.
நான்காவதில், அழகான கையெழுத்தில்:
எடை - போதுமானது.

யாருக்கு என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.
பதில் வருவதற்குள்
சாரல் தொடங்கிவிடும்.